தொடையில் உடைபவன்

பெட்டியின் மேல் ‘டிஃபார்மேஷன் ரோபோ’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மேஷன் என்று சொல்ல வந்திருக்கிறார்கள். சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் வழியில் வார்த்தை எங்கோ பிசகிவிட்டது. இந்த வகைப் பொம்மைப் பெட்டிகளில் அது வழக்கமான பிசகுதான். நான் படித்தது மெக்கானிக்கல், வேலை பார்ப்பது சாஃப்ட்வேரில். (தமிழ்நாட்டில் இதை யாரும் முரண்பாடு என்று சொல்வதில்லை.) படித்ததில் பெரும்பகுதி மறந்துபோனாலும் டிஃபார்மேஷன் மறக்கவில்லை. விசை பட்டு ஒரு பொருள் வடிவம் குலைவது. விசையை எடுத்ததும் பழையபடி ஆகிவிட்டால் அது மீட்சி எல்லைக்குள் நடந்தது. அந்த எல்லையைத் தாண்டினால் கோணினது கோணினதுதான். இன்னும் கொஞ்சம் தாண்டினால் முறிவு. பெட்டியை எழுதியவர் தெரியாமல் ஒரு சரியான வார்த்தையைப் போட்டுவிட்டார் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

வாங்கியது திருவெண்ணெய்நல்லூர் கடைத்தெருவில். வளையல், ஹேர் கிளிப், சார்ட் பேப்பர், கோலப்பொடி எல்லாம் விற்கும் ஃபேன்சி ஸ்டோர். வாசலில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த நாலைந்து பெட்டிகளில் ஒன்று. முதலில் பார்த்தவன் அக்கா மகன். எட்டு வயது.

“மாமா, அது ஆப்டிமஸ் பிரைம்.”

“இல்லடா. அது மாதிரி.”

“அதே கலரு மாமா.”

கடைக்காரர் பெட்டியை இறக்கிக்கொண்டே, “நல்லா ஃபைட் பண்ணும் சார், முந்நூறு ரூபா” என்றார். இருநூற்று எண்பதுக்குக் கொடுத்தார். கம்பெனி பெயர் இல்லை. 2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதுவும் இல்லை. இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்கவரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70 ஆக்கினார்கள். எந்தக் கப்பலில், எந்தப் பெட்டிக்குள் ஒளிந்து இவன் பெண்ணையாற்றுக் கரைக்கு வந்து சேர்ந்தானோ தெரியாது. மாறுவேடத்தில் வருவது இவர்கள் குலத்தொழில்.

‘நல்லா ஃபைட் பண்ணும்’ என்று கடைக்காரர் சொன்னதை நான் ஒரு விமர்சனக் கூற்றாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு பொம்மை நன்றாகச் சண்டை போடும் என்றால் என்ன அர்த்தம்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் வேடம். இவன் லாரியாக மாற ஒன்பது அசைவுகள். தலையை மார்புக்குள் கவிழ்க்க வேண்டும், கைகளை முதுகுப் பக்கம் மடக்க வேண்டும், பாதத்தைத் திருப்ப வேண்டும். கடைசியாகத் தொடையை முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் தள்ள வேண்டும். அந்தக் கடைசி அசைவைப் பிறகு பார்ப்போம். லாரி சுமார்தான். கதவுகள் ஸ்டிக்கர். இடது பின் சக்கரம் தரையைத் தொடாது. ஆனால் தட்டை மூக்குக் கேபின். அது எனக்குப் பிடித்தது. 1984-இல் ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் இறக்கிய முதல் ஆப்டிமஸ் பிரைமுக்கும் தட்டை மூக்குதான். 2007-இல் மைக்கேல் பே படம் எடுத்தபோது அதை நீள மூக்குப் பீட்டர்பில்ட் லாரியாக மாற்றினார்கள், நெருப்புக் கோலமெல்லாம் வரைந்து. திரையில் அது கம்பீரம்தான். ஆனால் ஒளிந்துகொள்ளும் வண்டியா அது? விழுப்புரம் பைபாஸில் அப்படி ஒன்று நின்றால் ஊரே செல்ஃபி எடுக்க வந்துவிடும். எங்கள் பக்கம் ஒரு ரோபோ ஒளிய வேண்டுமானால் பெரியசெவலை சர்க்கரை ஆலை வாசலில் அரவைப் பருவத்தில் வரிசை கட்டி நிற்கும் கரும்பு டிராக்டர்களில் ஒன்றாக நிற்கலாம். டிரெய்லரில் கரும்பு, கரும்பு மேல் தூங்கும் ஓர் ஆள். மெகாட்ரான் நூறு முறை கடந்து போனாலும் கண்டுபிடிக்க முடியாது.

மாறுவேடத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு. புத்தூரில் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்த சுந்தரரை, ‘நீ எனக்கு அடிமை’ என்று ஒரு கிழவர் வந்து தடுத்து, வழக்காடி இழுத்துவந்த ஊர் இது. வந்தவர் சிவன். கையில் சூலம் இல்லை, மழு இல்லை. ஒரு குடை, ஒரு தண்டு, ஓர் ஓலை. சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடுகிறார். ஆயுதமே போயிற்று. அப்போதுதான் கிழவர் வெண்ணெய்நல்லூர் சபையில் சொல்கிறார், கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று. சின்ன வயதில் கோயிலில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு அது தெய்வத்தின் தந்திரமாகத் தெரிந்தது. இப்போது தொழில்முறையாகப் பார்க்கிறேன். பேக்கப் இல்லாமல் அவர் சண்டைக்கு வரவே இல்லை. எதிராளி எதைக் கிழிப்பான் என்று வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, ரோபோவுக்கு வருவோம்.

இவனுடைய ஆயுதங்கள் மூன்று: ஒரு துப்பாக்கி, ஒரு வாள், ஒரு கேடயம். வாள் மென் பிளாஸ்டிக், சூரிய வெளிச்சத்தில் அரை மணி நேரம் வைத்தால் வாழைப்பழம் மாதிரி வளையும். துப்பாக்கி கனமானது. கையில் செருகினால் தோள் மூட்டு தாங்காமல் கை மெல்ல இறங்கி, தன் காலையே குறிபார்க்கும். கேடயத்தைப் பிடிக்கக் கையில் இடமே இல்லை, முதுகில் செருக வேண்டும். புறமுதுகு காட்டி ஓடுகிறவனுக்கு உபயோகமான ஏற்பாடு. பெட்டியின் பின்புறம் இவன் ஒற்றைக்காலில் எம்பி உதைப்பது போல் படம் போட்டிருக்கிறார்கள். உண்மையில் இரண்டு காலில் நிற்பதே பெரும்பாடு. லாரியின் பின் சக்கரங்களும் அச்சும் இவனுடைய ஆடுசதையில் இருப்பதால் எடை முழுக்கப் பின்னால். மெல்லத் தட்டினால் மல்லாந்து விழுவான். அதுவும் எப்போதும் மல்லாந்துதான், முகம் குப்புற விழவே மாட்டான். விழுகிற விதத்தில் ஒரு மரியாதை இருக்கிறது.

போர்த்திறனை எண்ணால் சொல்லும் பழக்கம் இந்தப் பொம்மைகளோடு சேர்ந்தே பிறந்தது. ஜப்பானில் டகாரா கம்பெனி ‘டயாக்ளோன்’ என்ற வரிசையில் விற்ற ரோபோக்களைத்தான் ஹாஸ்ப்ரோ வாங்கி 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் மாற்றியது. டயாக்ளோனில் ரோபோவுக்கு உயிர் கிடையாது, உள்ளே குட்டி மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். அமெரிக்காவுக்கு வந்தபோது ஓட்டுநர் போய்விட்டார், அவருக்காகச் செய்த இடம் பல பொம்மைகளில் அப்படியே மிஞ்சிவிட்டது. காலி சீட்டுக்கு ஓர் ஆத்மா தேவைப்பட்டது. மார்வெல் காமிக்ஸின் பாப் புடியான்ஸ்கி உட்கார்ந்து பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் எழுதினார். அதோடு பெட்டியின் பின்னால் எட்டுத் தலைப்புகளில் மதிப்பெண்: பலம், அறிவு, வேகம், தாக்குப்பிடித்தல், பதவி, துணிச்சல், சுடுதிறன், திறமை. பத்துக்கு எவ்வளவு என்று. அதை நேரடியாகப் படிக்க முடியாது. உள்ளே ஒரு சிவப்புக் கண்ணாடித்தாள் வைத்திருப்பார்கள், அதை மேலே வைத்தால்தான் கோடு தெரியும். ஆப்டிமஸ் பிரைமுக்கு ஆறு தலைப்புகளில் பத்துக்குப் பத்து. வேகத்துக்கும் சுடுதிறனுக்கும் எட்டு.

எனக்கு இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஏப்ரல் மாதம் ஞாபகம் வரும். எங்கள் கம்பெனியிலும் சிவப்புத் தாள் உண்டு, அது மேனேஜரிடம் இருக்கும். ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஒரு டீமில் இத்தனை பேருக்கு மேல் ஐந்து போடக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் நம் ‘திறமை’யை அளக்க ஆரம்பிப்பார்கள். ஒரு வருஷம் எனக்கு இரண்டு வந்தது. அந்த வருஷம் நான் எங்கே உடைந்தேன் என்று எனக்குத் தெரியும், அந்த ஃபார்மில் அதற்குக் கட்டம் இல்லை. விட்டுவிடுவோம், இது பொம்மை விமர்சனம்.

ஆனால் எண்களைப் படித்துவிட்டு 1984 பொம்மையைக் கையில் எடுத்தால் சிரிப்பு வரும். பெங்களூரில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பலம் பத்து, திறமை பத்து. காலை முன்னால் எடுத்துவைக்க முடியாது. இடுப்பு திரும்பாது. முக்கியமாக, அவனுடைய கைமுட்டிகள் தனி உதிரி. லாரியாக மாற்றுமுன் இரண்டு முட்டியையும் கழற்றி எங்காவது பத்திரமாக வைக்க வேண்டும். உலகம் முழுக்க எத்தனை சோபாவுக்கு அடியில் எத்தனை முட்டிகள் தொலைந்தனவோ. துணிச்சல் பத்து, கை இல்லை! ஜப்பானியப் பொம்மைகளில் நன்றாகப் பாய்ந்த ஏவுகணைகளின் ஸ்பிரிங்கையும் குழந்தைகள் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் தளர்த்திவிட்டார்கள். ஆக, தோற்றத்தில் மாபெரும் போர்வீரன், செயலில் ஒரு கட்டவுட்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உருமாறும் பொம்மையின் அடிப்படைச் சிக்கலே இதுதான். சண்டை போட மூட்டுகள் வேண்டும். எட்டாம் வகுப்பு அறிவியலில் படித்தோமே, தோளுக்கும் இடுப்புக்கும் பந்து கிண்ண மூட்டு, முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீல் மூட்டு. சண்டைக்காரனுக்கு அவை வேண்டும். லாரியாக மாறுவதற்கும் மூட்டுகள் வேண்டும், ஆனால் வேறு மூட்டுகள், வேறு இடத்தில், வேறு திசையில். இடுப்பு பின்பக்கம் மடிந்தால்தான் லாரியின் அடிப்பாகம் கிடைக்கும். சண்டைக்கு அது முன்பக்கம் மடிய வேண்டும். இரண்டையும் ஒரே உடம்பில் வைக்க இடம் கிடையாது. வேடம் எவ்வளவு கச்சிதமோ அவ்வளவுக்குச் சண்டை குறையும். சண்டை எவ்வளவு நன்றோ அவ்வளவுக்கு லாரியின் முதுகில் கையும் காலும் துருத்தும். கடந்த நாற்பது வருஷப் பொம்மைப் பொறியியல் முழுக்க இந்த ஒரு பேரம்தான்.

அந்தப் பேரத்தை ஏறத்தாழ ஜெயித்த ஒருவன் சென்னையில் என் அலமாரியில் இருக்கிறான். டகாரா டோமி 2011-இல் வெளியிட்ட மாஸ்டர்பீஸ் வரிசை ஆப்டிமஸ், எம்.பி.-10. எவ்வளவுக்கு வாங்கினேன் என்பது அம்மாவுக்குத் தெரியாது. விரல்கள் தனித்தனியாக மடங்கும். மார்புக் கதவைத் திறந்தால் உள்ளே ‘மேட்ரிக்ஸ்’ என்கிற அந்தத் தலைமைச் சின்னம் இருக்கும். எந்தப் போஸிலும் நிற்பான். லாரியும் லாரி மாதிரியே இருக்கும். போர்த்திறனுக்குப் பத்துக்குப் பத்து போடலாம். ஒரே குறை, அவன் இதுவரை ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏழு வருஷமாகத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மாதம் ஒருமுறை மேக்கப் பிரஷ்ஷால் தூசி தட்டுவேன்.

அலமாரியில் நின்றால் உடையமாட்டார்கள் என்பதும் பொய்தான். சேகரிப்பாளர்களிடையே ‘கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம்’ என்று ஒரு வியாதியைப் பற்றிப் பேசுவார்கள். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் சில பொம்மைகளுக்குத் தங்க மினுமினுப்புக் கலந்த பிளாஸ்டிக் பயன்படுத்தினார்கள். வருஷம் ஆக ஆக அது தானாகவே நொறுங்கும். பெட்டி பிரிக்காமல் முப்பது வருஷம் வைத்திருந்து ஒருநாள் ஆசையாக எடுத்துக் கையை அசைத்தால் பிஸ்கெட் மாதிரி உதிரும். ஒரு போரும் பார்க்காத சாவு.

பொம்மை வாங்கிய இரண்டாம் நாள் சாயங்காலம். அக்கா வீட்டு வாசலில் கட்டுமான வேலைக்காகக் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியல்தான் போர்க்களம். எதிரி, மூன்று சக்கரம் மட்டுமே உள்ள ஒரு பழைய ஜேசிபி பொம்மை. நான் திண்ணையில் உட்கார்ந்து ஒரு ஆபீஸ் காலில் இருந்தேன், மியூட்டில். ஒரு சத்தம். ‘டக்’ என்று இல்லை, ‘சட்’ என்று. இன்ஜினியரிங் படித்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். எட்டிப் பார்த்தேன். வலது தொடை.

எடுத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. நான் முன்பே சொன்ன அந்தக் கடைசி அசைவு. லாரியாகும்போது தொடை முழங்காலுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் நுழைய வேண்டும். நுழைய வேண்டுமென்றால் அது சிறுத்திருக்க வேண்டும். சிறுத்த தொடைக்குள்ளே ஆணி போகத் துளை வேறு. ஆக உடம்பிலேயே மெல்லிய சுவர் அந்த இடத்தில்தான். உடைந்த விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. இந்த வகைப் பிளாஸ்டிக் மீட்சி எல்லையைத் தாண்டும்போது வெளுக்கும். அப்படியென்றால் அவன் முதல் நாளே வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறான், நாங்கள்தான் கவனிக்கவில்லை. வேடம் போடுவதற்காக எந்த இடத்தை மெலிய வைத்தார்களோ அதே இடத்தில் உடைந்தான். இதைவிட நேர்மையாக ஒரு பொம்மை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியாது.

பையன் அழுவான் என்று நினைத்தேன். “விட்ரா, ஃபெவிக்விக் போட்டு ஒட்டித் தரேன்” என்றேன்.

“வேணா மாமா. தொடையில அடிச்சா அவ்ளோதான். செத்துட்டான்.”

“யார்ரா சொன்னது?”

“துரியோதனன் மாமா. படுகளத்துல பாத்தன்ல.”

போன கோடையில் பக்கத்து ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தபோது அக்கா அவனைக் கூட்டிப்போயிருக்கிறாள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ராத்திரி முழுக்கக் கூத்து நடந்து முடிந்து, விடிந்தபின் வெட்டவெளியில் படுகளம். மண்ணால் துரியோதனனை மல்லாத்திச் செய்து வைத்திருப்பார்கள், ஒரு லாரி நீளத்துக்குமேல் இருப்பான். வர்ணம் பூசி, மீசை வைத்து. வீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து கதாயுதம் ஓங்குவார்கள். கடைசியில் தொடையில் அடி. அங்கே புதைத்து வைத்த சிவப்பு பீறிடும். திரௌபதி வந்து கூந்தல் முடிப்பாள். பிறகு ஜனங்கள் அந்த மண்ணைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

துரியோதனனுக்கு ஏன் தொடை? கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்ணைக் கட்டியிருந்த காந்தாரி ஒருமுறை அவிழ்த்துப் பார்த்த பார்வையில் அவன் உடம்பு வயிரமாயிற்று. கண்ணன் கேலி செய்ததால் கூச்சப்பட்டு அவன் மறைத்துக்கொண்ட இடம் மட்டும் சதையாகவே நின்றது. மறைத்த இடத்தில்தான் பலவீனம். என் கையில் இருந்த இருநூற்று எண்பது ரூபாய் லாரியை நான் இன்னொரு முறை திருப்பிப் பார்த்தேன்.

நான் இத்தனை வருஷம் படித்த பொம்மை விமர்சனங்கள், பார்த்த யூட்யூப் வீடியோக்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இவனால் என்னென்ன செய்ய முடியும்? எத்தனை மூட்டு, எத்தனை ஆயுதம், முழங்கால் எத்தனை டிகிரி. பையன் கேட்ட கேள்வி வேறு: இவனை எங்கே அடித்தால் விழுவான்? எங்கள் பக்கத்துப் போர் உருவங்கள் எல்லாமே இந்த இரண்டாவது கேள்விக்கு விடையாகத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. படுகளத்துத் துரியோதனனுக்குக் கையும் அசையாது, காலும் அசையாது. மூட்டு என்று ஒன்றே கிடையாது. புடியான்ஸ்கி மதிப்பெண் போட்டால் எல்லாவற்றிலும் பூஜ்யம். ஆனால் அவனைச் சுற்றி நிற்கிற ஆயிரம் பேருக்கும் அந்தத் தொடை எங்கே இருக்கிறது என்று தெரியும். கதாயுதம் அதன் பக்கம் திரும்பும்போது ஒரு சத்தம் எழும் பாருங்கள். மாஸ்டர்பீஸ் வரிசை அத்தனையும் சேர்ந்தாலும் அந்தச் சத்தத்தை எழுப்ப முடியாது.

கூவாகத்து அரவானும் இப்படித்தான். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதும் அறுப்பதும்தான். அங்கே தேரில் நிற்கும் அரவானின் உடம்பு ஒரே ஊருக்குச் சொந்தமில்லை. தலை, புஜம், மார்பு, கை கால் என்று உறுப்புகள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்து பொருத்தப்படும். 1985-இல் ஆறு கட்டுமான வண்டிகள் சேர்ந்து டிவாஸ்டேட்டர் என்ற ராட்சதன் ஆகும் பொம்மை வந்தபோது உலகமே அதிசயப்பட்டது. கூவாகத்தில் அது வருஷாவருஷம் நடக்கிறது, கலைப்பதற்காகவே. களப்பலி ஆனபின் தலை மட்டும் போரைக் கடைசிவரை பார்க்கும் என்பது கதை. சேர்ப்பதில் இருக்கிற கவனம் பிரிப்பதிலும் இருக்கும். எது எங்கே கழலும் என்று தெரிந்துதான் மாட்டுகிறார்கள்.

நல்ல பொம்மை வடிவமைப்பாளர்களுக்கும் இது தெரியும். பந்து கிண்ண மூட்டு வைத்த பொம்மைகளைக் கவனித்திருப்பீர்கள். அளவுக்கு மீறி இழுத்தால் கை உடையாது, கழன்று வரும். மறுபடி அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். உடைய வேண்டிய நேரத்தில் உடையாமல் கழல்வதற்கென்றே அந்த இறுக்கத்தைக் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். நாங்கள் சர்வரில் சர்க்யூட் பிரேக்கர் என்று எழுதுவதும் இதையேதான்: ஒரு பகுதி விழுந்தால் மற்றவற்றை இழுத்துக்கொண்டு விழாதபடி அதைக் கழற்றிவிடுவது. கிழவர் கொண்டுவந்த படியோலை போல. 1984 பொம்மையின் கழலும் முட்டியைக்கூட நான் இப்போது கேலி செய்யமாட்டேன். முட்டி தொலைந்தாலும் முழங்கை பிழைத்தது அல்லவா? என் கையிலிருந்த பெயரில்லாதவனின் உண்மையான குறை, வளையும் வாளோ தொங்கும் துப்பாக்கியோ அல்ல. உடையும் இடத்தைப் பற்றி யாரும் யோசிக்காமல் அவனைச் செய்துவிட்டார்கள். அதற்காக அவனுக்குப் பத்துக்கு நான்கு.

ஆப்டிமஸின் தொடை எது என்று ஹாஸ்ப்ரோவுக்கே ஒருமுறை தெரிய வந்தது. 1986-இல் வந்த அனிமேஷன் படத்தில் அவனைக் கொன்றார்கள். பழைய பொம்மைகளின் விற்பனை முடிந்தது, புதியவற்றுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். தியேட்டரில் குழந்தைகள் அழுத அழுகையைக் கம்பெனி எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருஷமே தொலைக்காட்சித் தொடரில் உயிர்ப்பித்துவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவன் விழுந்த விதம். மெகாட்ரானை வீழ்த்தித் துப்பாக்கியை நீட்டி நிற்கிறான். நடுவில் ஹாட் ராட் என்கிற இளவட்டம் வீரம் காட்டப் பாய்கிறான், மெகாட்ரான் அவனைப் பிடித்துக் கேடயமாக வைத்துக்கொண்டு சுடுகிறான். ஆப்டிமஸ் திருப்பிச் சுடவில்லை. சின்னவன் மேல் பட்டுவிடும். எட்டுத் தலைப்பில் ஒன்றிலும் இதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் நாற்பது வருஷமாக விற்றுக்கொண்டிருப்பது பலம் பத்தா, இதுவா?

நம் ‘எந்திரன்’ பற்றி ஒரு வரி. 2010-இல் சிட்டிகள் கோளமாகவும் பாம்பாகவும் சேர்ந்தபோது நானும் விசிலடித்தேன். ஆனால் இன்றைக்கும் ஞாபகத்தில் நிற்பது கடைசியில் சிட்டி தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தானே கழற்றிக்கொள்ளும் காட்சிதான்.

அன்றைக்கு ராத்திரிக்குள் எம்-சாண்ட் குவியலில் மல்லாந்து படுத்த ஓர் உருவம் வந்திருந்தது. தலைக்குக் கொட்டாங்கச்சி. பக்கத்தில் உடைந்த ரோபோவை அதே போல் படுக்க வைத்திருந்தான். தொடை இடத்தில் அக்காவின் குங்குமம். அக்கா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள், குங்குமத்துக்காக. அவன் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, உங்க வீட்ல ஒன்னு இருக்கே, பெருசு. அது எங்க ஒடையும்?”

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருஷமாக வைத்திருக்கிறேன். எத்தனை திருகு, எந்தப் பாகம் உலோகம், எந்த மாதம் வெளியானது எல்லாம் சொல்வேன். எங்கே உடையும் என்று தெரியாது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவனைத் துண்டில் சுற்றி லேப்டாப் பையில் வைத்து எடுத்துப் போனேன். விழுப்புரத்தில் பஸ் மாறும்போது இரண்டு தடவை பையைத் திறந்து பார்த்தேன். வாங்கியதும் பையன் முதலில் செய்த காரியம் வலது தொடையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியதுதான். கிளிக், கிளிக் என்றது. “கெட்டியா இருக்கு மாமா” என்று சொல்லிவிட்டு மணலுக்குத் தூக்கிப்போனான். ஜேசிபி தயாராக நின்றது.

முதல் நாள் துப்பாக்கி தொலைந்தது. அக்கா குவியலில் பாதியைச் சலித்துப் பார்த்துவிட்டாள். மீதிப் பாதி கலவைக்குப் போய், சமையலறைப் பின்சுவராக நிற்கிறது.